குதிக்காமலும் திரும்பலாம்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்த்துவரச் செல்லும் பெற்றோர் அங்கிருந்து அனுப்பும் படங்களில், அண்மைக் காலமாக ஒரு படம் தவறாமல் இடம்பெறுகிறது. பின்லாந்தின் ஏதோ ஓர் ஏரி. பலகையால் ஆன படித்துறை. கழுத்தளவு நீரில் ஒருவர். அவர் முகத்தில் பாதி சிரிப்பு, பாதி திகைப்பு. பின்னால், புகைபோக்கியில் புகை எழும் சிறு மரக்குடில் ஒன்று. அந்தக் குடிலுக்குள் எடுத்த படம் மட்டும் வருவதே இல்லை. உள்ளே 80, 90 டிகிரி வெப்பம், கைப்பேசி தாங்காது. அதனால் சௌனா என்றவுடன் நம் மனத்தில் பதிவது குளிர்நீரில் இறங்கும் அந்த ஒரு கணம்தான்.

இதய மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றுவதால் பயணத்துக்கு முன் என்னிடம் வந்து கேட்போர் உண்டு. "மகன் எஸ்போ நகரத்தில் இருக்கிறான். சௌனாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். எனக்கு ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிறது. நானும் ஏரியில் இறங்கலாமா?" கேள்வி எப்போதும் ஏரியில் தொடங்குகிறது. அது குடிலுக்குள் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சௌனாவால் உடலுக்கு நன்மை உண்டு என்று எதை வைத்துச் சொல்கிறோமோ, அது வெப்பத்திலும் அதன் பின்வரும் ஓய்விலும் இருக்கிறது. குளிர்நீர் விரும்பியவர் சேர்த்துக்கொள்வது. நோயிலிருந்து மீண்டு வருபவர் அதை விட்டுவிட்டால் எதையும் இழக்கமாட்டார். விடாமல் பிடித்துக்கொண்டால் இழக்கக்கூடியது பெரிது.

பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 56 லட்சம். அங்குள்ள சௌனாக்கள் ஏறத்தாழ 30 லட்சம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உண்டு, நாடாளுமன்றக் கட்டடத்தில் உண்டு, முதியோர் இல்லங்களிலும் உண்டு. மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுக்கான யுனெஸ்கோ பட்டியலில் அது 2020-இல் சேர்க்கப்பட்டது. முற்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் பிள்ளை பெற்றது சௌனாவில்தான். இறந்தவரை நீராட்டியதும் அங்கேதான். குளிர்நாட்டு வீடொன்றில் தூய்மையும் கதகதப்பும் வெந்நீரும் ஒருங்கே கிடைத்த இடம் அது. தேவாலயத்தில் நடந்துகொள்வதைப் போலச் சௌனாவிலும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய பழமொழி. உரக்கப் பேசுவதும் வீரம் காட்டுவதும் அங்கே அழகல்ல.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சௌனாவுக்கு உரிய நாள் அவர்களிடம் சனிக்கிழமை. பின்னிய மொழியில் சனிக்கிழமையின் பெயரே, 'குளியல் நாள்' என்று பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. நம் வீடுகளில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் சனிக்கிழமைதான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, ஒற்றுமை மட்டுமே. ஆயினும் எண்ணெய்க் குளியலன்று நம் பாட்டிமார் விதித்த கட்டுப்பாடுகளை நினைத்துப் பாருங்கள். வெயிலில் அலையக் கூடாது. குளிர்ந்ததைத் தொடக் கூடாது. மிளகு ரசமும் சோறுமாக எளிய உணவு. குளித்து முடித்த பிறகும் அந்தக் குளியலின் நிதானம் அன்று மாலை வரை நீடித்தது. சௌனாவை அறிந்தவர் சௌனா செல்வதும் இவ்வாறே.

சில ஆண்டுகளுக்கு முன் தாம்பெரே நகரின் பிஸ்பலா பகுதியிலுள்ள ரயாபோர்த்தி என்னும் சௌனாவுக்குச் சென்றிருந்தேன். 1906-இல் தொடங்கியது. பின்லாந்தில் இன்றும் இயங்கிவரும் பொதுச் சௌனாக்களில் மிகப் பழையது அதுவே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. விறகால் சூடேற்றிய பெரிய அடுப்பு, அதனுள் கற்குவியல். உட்காரப் பலகைப் படிகள். அகப்பையில் நீரை மொண்டு கற்கள்மேல் ஊற்றினால் எழும் ஆவிக்கு 'லோய்லு' என்று பெயர். ஊற்றுவதற்கு முன் அருகில் இருந்தவர் எங்களை ஒருமுறை பார்த்தார். நான் தலையசைத்தேன். அதன் பிறகே ஊற்றினார்.

அந்தச் சௌனா ஏரிக்கரையில் இல்லை, சாலையோரத்தில் இருக்கிறது. வெப்பம் போதும் என்று தோன்றியவர் துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்து உட்காருகிறார். தோளிலிருந்து ஆவி எழுகிறது. மதிலுக்கு அப்பால் வாகனங்கள் ஓடுகின்றன. சிலர் பேசுகிறார்கள், சிலர் சும்மா இருக்கிறார்கள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழித்து, விருப்பமிருந்தால் மீண்டும் உள்ளே செல்கிறார்கள். நான் பார்த்தவரை, உள்ளே இருந்த நேரத்தைவிட வெளியே உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். யார் எத்தனை நிமிடம் தாங்கினார் என்று எவரும் கணக்கிடவில்லை. நூறாண்டுக்கு மேலாக ஒரு நகரத்து மக்கள் குளிர்நீர்த் தொட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் இப்படிச் சௌனா சென்று வந்திருக்கிறார்கள். (ஆடையைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: ஆண், பெண் தனித்தனியே உள்ள இடங்களில் ஆடையின்றி அமர்வது அவர்கள் வழக்கம், இருபாலரும் சேர்ந்து அமரும் பொது இடங்களில் நீச்சலுடை அணிவர். துண்டைச் சுற்றிக்கொண்டு அமரும் அயலாரை எவரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.)

இனி, உடலுக்குள் நிகழ்வதைப் பார்ப்போம். 90 டிகிரி வெந்நீரில் கை வைத்தால் வெந்துவிடும். 90 டிகிரிக் காற்றில் பத்து நிமிடம் உட்கார முடிகிறது. உலர்ந்த காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. வியர்வை உலர்ந்து தோலைக் காக்கிறது. உடலின் சூட்டை வெளியேற்றத் தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. இரத்தத்தின் பெரும்பங்கு தோலை நோக்கிப் பாய்கிறது. நாடித்துடிப்பு, வேகமாக நடக்கும்போது உயர்வதைப் போல உயர்கிறது. குழாய்கள் விரிந்திருப்பதால் இரத்த அழுத்தம் சற்றுத் தாழ்கிறது. உடல்நலம் உள்ளவருக்கு இது இனிய தளர்ச்சி. இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியச் செய்யும் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றை உட்கொள்பவருக்கு, அதே தளர்ச்சி எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலாக மாறலாம். விழுவது எங்கே? ஈரத் தரையில், கொதிக்கும் அடுப்பின் அருகில். ஆகவேதான் கீழ்ப்படியில் அமருங்கள் என்கிறோம். மேல்படியைவிட அங்கே வெப்பம் வெகுவாகக் குறைவு. பின்லாந்துக் குழந்தைகளும் கீழேதான் உட்காருவார்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. எழுவதற்கு முன் ஓரிரு நிமிடம் காலை அசைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிடிமானம் பற்றி எழ வேண்டும்.

குளிர்நீர் செய்வது இதற்கு நேர்மாறானது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். தோல் திடீரெனக் குளிர்ந்தவுடன், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வாய் திறந்து ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. அந்த முதல் மூச்சின்போது தலை நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் செல்லும். விரிந்திருந்த இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் பாய்ந்து ஏறுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. முகமும் நீரில் மூழ்கினால், துடிப்பைக் குறைக்கும் இன்னொரு கட்டளையும் அதே நேரத்தில் நரம்புகளின் வழியே வருகிறது. விரைந்து துடி என்றும் மெல்லத் துடி என்றும் ஒருங்கே ஆணை பெறும் இதயம் தாளம் தப்பக்கூடும். இளைஞருக்கு இது பெரும்பாலும் ஒரு நொடிப் படபடப்பாகக் கடந்துபோகும். இதயக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு, மாரடைப்பின் வடு இதயத்தில் உள்ளவருக்கு, தாளக் கோளாறு உள்ளவருக்கு, அந்த நொடி அவ்வாறே கடந்துபோகும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இதற்குப் பனிக்கட்டி மிதக்க வேண்டியதில்லை. 15 டிகிரி நீரே போதும். நம்மவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் செல்கிறார்கள். ஜூன் மாதத்துப் பின்லாந்து ஏரி வெயிலில் மின்னும். நீர் அந்த அளவுக்கு இதமாக இராது.

"சௌனா இதயத்துக்கு நல்லது என்று ஆய்வே சொல்கிறதே?" என்று கேட்பவர்கள் சொல்வது உண்மைதான். கிழக்குப் பின்லாந்தின் குவோபியோ பகுதியில் 42 முதல் 60 வயது வரையிலான 2,315 ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாரத்துக்கு 4 முதல் 7 முறை சௌனா சென்றவர்களிடையே திடீர் இதய மரணம், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சென்றவர்களிடையே இருந்ததைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. நல்ல செய்தி. ஆனால் அது கவனித்து எழுதிய ஆய்வு. ஒரு குழுவைச் சௌனாவுக்கு அனுப்பியும் மற்றொரு குழுவை நிறுத்திவைத்தும் செய்தது அன்று. அடிக்கடி செல்லும் அளவுக்கு உடல்நலமும் ஓய்வும் பெற்றிருந்தவர்கள் வேறு காரணங்களாலும் நீண்டு வாழ்ந்திருக்கலாம். அனைவரும் ஆண்கள், குழந்தைப் பருவம் முதல் அந்த வெப்பத்தில் பழகியவர்கள். ஆய்வு ஒப்பிட்டது எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்பவற்றை. குளிர்நீரில் குதிப்பவருக்கு அதிலிருந்து எந்த உறுதிமொழியும் கிடைக்காது.

வெப்பத்தை உண்மையிலேயே மருத்துவமாகப் பயன்படுத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது இன்னும் பயனுள்ளது. ஜப்பானின் ககோஷிமாவில் இதயச் செயலிழப்பு நோயாளருக்காக மருத்துவர்கள் உருவாக்கிய முறைக்கு 'வாவோன்' என்று பெயர். இதமான வெப்பம் என்பது பொருள். 60 டிகிரி உலர்வெப்ப அறையில் 15 நிமிடம். பிறகு போர்வை போர்த்தி 30 நிமிடம் படுக்கையில் ஓய்வு. இழந்த வியர்வையின் அளவுக்குக் குடிநீர். அனைத்தும் மருத்துவமனையில், மேற்பார்வையில். அதில் குளிர்நீர் கிடையாது. வெப்பத்தைவிட ஓய்வுக்கு இருமடங்கு நேரம் ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். இதை வீட்டில் செய்துகொள்ளலாம் என்பதற்காக எழுதவில்லை. நோயாளரின் நன்மையை மட்டுமே எண்ணியவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தாங்கும் திறனைப் போட்டியாக்கினால் என்ன ஆகும் என்பதையும் அந்நாடு பார்த்திருக்கிறது. ஹெய்னோலா நகரில் 1999 முதல் சௌனா உலகப் போட்டி நடந்துவந்தது. 110 டிகிரி வெப்பத்தில் கடைசிவரை அமர்ந்திருப்பவர் வெற்றி பெறுவார். 2010-ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் ஒருவர் உயிரிழந்தார், மற்றொருவர் கடுமையான தீப்புண்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு அந்தப் போட்டி நடத்தப்படவில்லை.

இப்போது நம் பெருநகரங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களில் பனிக்கட்டி நிரப்பிய தொட்டிகள் வந்துவிட்டன. நோய் எதிர்ப்பாற்றல் பெருகும், கொழுப்பு கரையும், மனச்சோர்வு அகலும் என்று விளம்பரம் செய்கிறார்கள். குளிர்நீர் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. உடல்நலம் மிக்க இளையோரிடம் செய்யப்பட்டவை. ஐந்து மாத்திரை உட்கொள்ளும் அறுபது வயதினரை அவற்றில் காண்பது அரிது. அந்தத் தொட்டியின் அருகே நின்று உற்சாகப்படுத்தும் பயிற்சியாளர் உங்கள் எக்கோ அறிக்கையைப் பார்த்தவர் அல்லர். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக எவரும் அதில் இறங்க வேண்டியதில்லை.

இதய நோயாளரிலும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், பெருந்தமனி வால்வு மிகவும் குறுகியவர் ஆகியோர் வெப்ப அறைக்குள்ளும் செல்லலாகாது. நோய் நிலைபெற்று, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு இல்லாத பலருக்கு மிதமான வெப்பத்தில் சற்று நேரம் அமரப் பெரும்பாலும் தடை இராது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் சூடான பலகையை உணராமல் கால் வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளக்கூடும். இன்சுலின் போட்டவுடன் வெப்பத்துக்குச் சென்றால் மருந்து விரைவாகக் கலந்து சர்க்கரை தாழக்கூடும். வலிக்காக ஃபென்டனில் ஒட்டு அணிந்திருப்பவர் சௌனாவைத் தவிர்க்க வேண்டும். சூட்டில் அந்த மருந்து அளவுக்கு மீறி உடலுக்குள் செல்லும். ஆக்சாலிபிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து பெற்றுவருவோருக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல்களில் சுரீரென வலிக்கும் என்பது தெரிந்ததே. அவர்களுக்குக் குளிர்நீர்த் தொட்டி எவ்வகையிலும் ஆகாது. நுரையீரல் நோயாளருக்கு விறகுப் புகை ஆகாது. மின் அடுப்புள்ள சௌனாவே மேல். மது எல்லாருக்கும் விலக்கு. சௌனாவோடு பீர் அருந்துவது அங்கே வழக்கம்தான். அங்கே நேரும் மரணங்களிலும் மதுவுக்குப் பங்குண்டு.

உடனிருப்போரிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பின்லாந்துக்காரர் எவரும் விருந்தினரை நீருக்குள் தள்ளுவதில்லை. வற்புறுத்துவது நம்மவர்கள்தாம். "அப்பா, ஒரே ஒரு தடவை இறங்குங்க, படம் எடுத்துக்கறேன்" என்பது அன்பின் குரல் என்பதில் ஐயமில்லை. பிள்ளையின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமின்றி, தமக்கு முடியாது என்று சொல்லக் கூசும் தந்தையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தம்மை நோயாளியாகவே பார்க்கிறார்களே என்ற வருத்தம் அவருக்குள் ஏற்கெனவே இருக்கும். இயலும் என்று காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் பற்றிக்கொள்வார். ஆகவே வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை அவர்மேல் போடாதீர்கள். புறப்படும் முன்பே, "நாம் இருவரும் கீழ்ப்படியில் உட்காருவோம், பிறகு வெளியே உட்கார்ந்து பழச்சாறு குடிப்போம்" என்று திட்டமாகவே சொல்லிவிடுங்கள். அவர் குடிலுக்குள் இருக்கும்போது நீங்கள் ஏரிக்குள் இருக்காதீர்கள். உங்களுக்கு உடல்நலம் இருந்து குதிக்க ஆசையும் இருந்தால், அவரை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் முறைக்குப் போய்வாருங்கள். தலையை நனைக்காமல், ஏணியைப் பிடித்தபடி மெல்ல இறங்குங்கள்.

சௌனாவை நான் உடனிருப்போருக்கும் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாத்திரை நேரம், சர்க்கரை அளவு, அடுத்த பரிசோதனை என்று ஓயாமல் ஒலிக்கும் கைப்பேசி அந்த ஓர் அறைக்குள் வர முடியாது. பதினைந்து நிமிடம் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நோயாளரைக் கவனித்துக்கொள்பவருக்கு அப்படி ஒரு கால் மணி நேரம் கடைசியாக எப்போது வாய்த்தது என்று அவரையே கேட்டுப்பாருங்கள்.

எங்கள் பிரிவில் பயிற்சி முடித்துச் சென்ற, பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெரியவர், சென்ற கோடையில் பின்லாந்து சென்று திரும்பினார். குளிர்ச்சியான செய்தி எதுவும் அவரிடம் இல்லை. கீழ்ப்படியில் எட்டு நிமிடம் உட்கார்ந்தாராம். வெளியே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு, பேரப்பிள்ளைகள் ஏரியில் குதிப்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரவு பத்து மணிக்கும் வெயில் இருந்ததாம். அவர் மனைவியும் உடன் இருந்தார். "அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்" என்றார் அந்த அம்மையார், "நானும்தான்."

வரும் விடுமுறைக்குப் பயணம் திட்டமிடுவோர், தாம் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் கடைசி எக்கோ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வரலாம். தலைசுற்றி விழுந்தது எப்போதாவது உண்டா என்பதையும் நினைவுபடுத்தி வைத்திருங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். பயணச்சீட்டு எடுத்த வாரத்திலேயே வந்தால் நல்லது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை வருவோருக்கு டிரெட்மில் சோதனை செய்து பார்க்க நேரம் இருப்பதில்லை.